மச்சம்: பலன் பார்க்கிறோம், டாக்டரைப் பார்க்கிறோமா?



"அவன் மச்சக்காரன்டா" என்று நம்ம ஊரில் சொன்னால் அவனுக்கு யோகம் அடித்துவிட்டது என்று அர்த்தம். "அவனுக்கு உடம்பு பூரா மச்சம்" என்றால் அதற்கும் ஒரு படி மேலே. நாக்கில் கறுப்பாக ஒரு புள்ளி இருந்தால் கருநாக்கு, சொன்னது பலித்துவிடும், அவன் வாயில் விழக்கூடாது. ஆணுக்கு வலது பக்கம், பெண்ணுக்கு இடது பக்கம், தோளில் இருந்தால் இது, பாதத்தில் இருந்தால் அது என்று பலன் சொல்லும் குட்டிப் புத்தகங்களைப் பஸ் ஸ்டாண்டு கடைகளில் பார்த்திருப்பீர்கள்.

அரசாங்கத்துக்கும் மச்சத்தின் மேல் ஒரு கண் உண்டு. மாற்றுச் சான்றிதழில் இரண்டு அங்க அடையாளம் எழுத வேண்டும் அல்லவா? பத்தாம் வகுப்பில் எங்கள் வாத்தியார் ஒவ்வொருத்தன் கையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து "எ மோல் ஆன் த ரைட் ஹேண்ட்" என்று எழுதித் தள்ளினார். ஒரு பையனுக்குத் தேடித் தேடி ஒன்றும் கிடைக்காமல் கடைசியில் சட்டையைக் கழற்றச் சொன்னது தனிக் கதை.

ஆக, ஜோசியர் பார்க்கிறார், வாத்தியார் பார்க்கிறார். சினிமாவில் ஹீரோ கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டு வந்தால் வில்லனுக்கே அடையாளம் தெரியாமல் போகிறது. பார்க்க வேண்டிய ஆள் மட்டும் பார்ப்பதில்லை. அது டாக்டர். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். (நான் பி.காம். படிப்பவன், டாக்டர் இல்லை. மருந்து எழுதிக் கொடுக்க மாட்டேன். பயப்படாமல் படிக்கலாம்.)

முதலில் வார்த்தைப் பிரச்சினை. தோலில் வருவதற்குத் தமிழில் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. மரு, பாலுண்ணி, தேமல், மங்கு, படை, வெண்புள்ளி என்று தனித்தனியாக வைத்திருக்கிறோம். ஆனால் பிறவியிலேயே வருவது எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், மச்சம். பழுப்பாக இருந்தாலும் மச்சம், நீலமாக இருந்தாலும் மச்சம், சிவப்பாகப் படர்ந்திருந்தாலும் மச்சம், பழம் மாதிரி புடைத்துக்கொண்டிருந்தாலும் மச்சம். டாக்டர்களுக்கோ இவை அத்தனையும் வேறு வேறு சங்கதி. முக்கியமாக இரண்டு கூட்டம். ஒன்று நிறமிச் செல்கள் ஒரே இடத்தில் சேர்வதால் வருவது, இன்னொன்று ரத்தக் குழாய்களால் வருவது. இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது. எங்கள் வீட்டிலேயே தெரியவில்லை.

என் பெரியம்மா மகளுக்கு, அதாவது என் அக்காவுக்கு, ஆண்டிபட்டி பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாக்கப்பட்ட இடத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்று தோலில் ஒன்றுமே இல்லை. இரண்டு வாரம் கழித்து மேல் இமையில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. கொசு கடித்திருக்கும் என்றார்கள். ஒன்றரை மாதத்தில் அது இலந்தைப்பழம் அளவுக்கு வந்து, கண்ணை முழுசாகத் திறக்க விடாமல் மறைத்தது. காட்டிய ஒரு டாக்டர் "தானாகப் போய்விடும், விடுங்கள்" என்று அனுப்பிவிட்டார். வீட்டில் விசாரணை ஆரம்பித்தது. "கிரகணத்தன்னைக்கு அருவாமனையத் தொட்டியா?" அக்காவின் மாமியார் காலண்டரைப் புரட்டினார். கர்ப்பமாக இருந்த மாதங்களில் ஒரு கிரகணம் அகப்பட்டது. அவ்வளவுதான், கேஸ் முடிந்தது. குற்றவாளி அக்கா.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போடுவோம். எந்த வருஷத்தை எடுத்தாலும் சூரிய கிரகணமும் சந்திர கிரகணமும் சேர்த்துக் குறைந்தது 4 வரும், அதிகம் போனால் 7. ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிரகண காலம் வந்துகொண்டே இருக்கும். பத்து மாதச் சுமப்பில் ஒரு கிரகணம்கூட அகப்படாத கர்ப்பிணி இந்த உலகத்திலேயே கிடையாது. எல்லாத் தாயின் கணக்கிலும் பற்று எழுத வசதியான ஏற்பாடு! அப்படியென்றால் எல்லாக் குழந்தைக்கும் மச்சம் இருக்க வேண்டும். இல்லையே. அக்கா மகளுக்கு வந்தது நூறு குழந்தைகளில் 4, 5 பேருக்கு வரும் ஒன்று. கிரகணத்தைப் பற்றிக் கேள்வியே படாத நாடுகளிலும் வருகிறது. பெண் குழந்தைகளுக்கும், குறைமாதத்தில், எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கும் கொஞ்சம் கூடுதலாக வருகிறது. அதன் பெயர் ஹீமாஞ்சியோமா. ரத்தக் குழாய்ச் செல்கள் பெருகி வரும் கட்டி. புற்றுநோய் இல்லை.

"தானாகப் போய்விடும்" என்று அந்த டாக்டர் சொன்னது சுத்தமான பொய்யும் இல்லை, அதுதான் சிக்கல். முதல் சில மாதம் வேகமாக வளரும், அதன்பின் நிற்கும், பிறகு வருஷக்கணக்கில் மெல்லச் சுருங்கும். முதுகிலோ தொடையிலோ சின்னதாக இருந்தால் சும்மா விட்டுவிடலாம். ஆனால் கண் இமை, மூக்கு நுனி, உதடு, தொண்டைப் பக்கம், டயப்பர் உரசும் இடம் என்றால் கதை வேறு. இமையை மூடிவிட்டால் அந்தக் கண் பார்க்கப் பழகாது. கட்டி அழுத்தி அழுத்திக் கருவிழியின் வளைவு மாறும். கட்டி போன பிறகும் பார்வைக் குறை நின்றுவிடும். வளர்ச்சியின் பெரும் பங்கு முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது என்பதால், அந்த மாதிரி இடத்தில் வந்தால் ஒரு மாதம் ஆவதற்குள்ளேயே விவரம் தெரிந்த டாக்டரிடம் போய்விட வேண்டும் என்கிறார்கள். நம்ம வழக்கம் என்ன? தாயும் பிள்ளையும் வாசல் தாண்டுவதற்கே மாதக்கணக்கு.

மருந்து என்ன தெரியுமா? ப்ராப்ரனலால். நம்ம தாத்தாக்கள் ரத்தக் கொதிப்புக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் சாப்பிட்ட பழைய மாத்திரை! ஜேம்ஸ் பிளாக் என்பவர் 1960களில் உருவாக்கியது, 1988-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இதற்கும் பங்கு உண்டு. பிரான்ஸ் நாட்டின் போர்தோ நகரத்தில், மூக்கில் கட்டி இருந்த ஒரு குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்து இதயத்தில் கோளாறு வந்தது. அதற்காக இந்த மருந்தைக் கொடுத்தார்கள். இதயத்துக்குக் கொடுத்தால் மூக்குக் கட்டி வெளுத்துச் சுருங்க ஆரம்பித்தது. இன்னொரு குழந்தைக்கும் அதே கதை. 2008-ல் அந்த டாக்டர்கள் இதை எழுதிய பிறகு உலகம் பூராவும் சிகிச்சை முறையே மாறிவிட்டது. அமெரிக்காவில் 2014-ல் இதற்கென்றே சொட்டு மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். விலை உயர்ந்த சங்கதியே இல்லை. ஆனால் குழந்தையின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், நாடித் துடிப்பையும் குறைக்கும். பால் குடிக்காத நேரத்தில் கொடுத்தால் ஆபத்து. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி நாமே கொடுக்கிற மருந்து இல்லை இது.

அக்கா மகளுக்கு மருந்து ஆரம்பிக்கும்போது ஐந்தாவது மாதம். கட்டி வடிந்துவிட்டது, இன்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் அந்தக் கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டியதாகிவிட்டது. நல்ல கண்ணைத் தினம் சில மணி நேரம் ஒட்டி மறைத்து, மங்கலான கண்ணைப் பார்க்கப் பழக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை அதைப் பிய்த்துப் பிய்த்து எறியும். விசாரணைக் கமிஷனில் போன நாட்களுக்கு இதுதான் வட்டி.

இன்னொரு சிவப்பு மச்சம் உண்டு. அது கட்டி இல்லை, தட்டையாகப் படர்ந்திருக்கும், திராட்சை ரசம் கொட்டிய மாதிரி. ஆங்கிலத்தில் போர்ட் ஒயின் ஸ்டெய்ன். ஆயிரம் பிறப்பில் 3 பேருக்கு இருக்கும். இது தானாகப் போகாது. குழந்தையோடு சேர்ந்து வளரும், வயதாக ஆகக் கருத்துத் தடிக்கும். சோவியத் தலைவராக இருந்த கோர்பச்சேவின் நெற்றி ஞாபகம் இருக்கிறதா? அதுதான். 1985-ல் அவர் பதவிக்கு வந்தபோது அரசாங்கம் வெளியிட்ட படங்களில் அந்த மச்சத்தை அழித்துவிட்டுப் போட்டார்கள். ஒரு வல்லரசே நம்ம ஊர் ஸ்டுடியோக்காரர் கல்யாணப் பெண் போட்டோவுக்கு டச்சப் செய்கிற வேலையைச் செய்திருக்கிறது!

இது ஏன் வருகிறது என்பது 2013-ல்தான் தெளிவானது. கருவாக இருக்கும்போது ஏதோ ஒரு செல்லில், ஜிஎன்ஏக்யூ என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிவிடுகிறது. அந்தச் செல்லிலிருந்து பெருகுகிற இடத்தில் மட்டும் நிறம் மாறும். அம்மாவிடமிருந்து வந்தது இல்லை, அப்பாவிடமிருந்தும் இல்லை, அருவாமனையிலிருந்து நிச்சயமாக இல்லை. அடுத்த பிள்ளைக்கு வருமோ என்ற பயமும் வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் நம்ம ஊர்ப் பெரியவர்கள் காதில் போட்டால் எத்தனையோ மருமகள்கள் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

இதே மச்சம் நெற்றியிலும் மேல் இமையிலும் இருந்தால் சில குழந்தைகளுக்கு உள்ளே மூளை உறையிலும் அதே கோளாறு இருக்கும். வலிப்பு வரலாம். கண்ணில் நீர் அழுத்தம் ஏறிப் பார்வை போகலாம். வெளியில் தெரிகிற நிறத்தைப் பற்றி ஊரே பேசும், உள்ளே ஏறுகிற அழுத்தம் யாருக்கும் தெரியாது. நமக்கு க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆண்டிபட்டியில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடலாம். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கிறது. முகத்தில் இப்படி ஒன்று தெரிந்தால் கண் அழுத்தத்தைப் பார்த்துவிட மதுரைக்குக்கூடப் போக வேண்டாம்.

நிறத்தைக் குறைக்க லேசர் உண்டு. 585, 595 நானோமீட்டர் மஞ்சள் ஒளியை ரத்தத்தின் சிவப்பு நன்றாக உறிஞ்சும். கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகமிகக் குறைந்த நேரம் அடித்தால் குழாய் மட்டும் சூடேறிச் சுருங்கும், சுற்றியுள்ள தோல் தப்பிக்கும். ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பேரிஷ் என்ற இருவர் 1983-ல் சொன்ன தத்துவம் இது. கேட்க அருமை. ஆனால் அந்த ஒளியை நம்ம தோலின் கறுப்பு நிறமியும் உறிஞ்சும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அளவு தெரியாமல் அடித்தால் வெந்துபோகும், வெள்ளைத் திட்டு விழும், அல்லது இன்னும் கறுக்கும். அதனால் நம்ம மாதிரித் தோலில் வேலை செய்து பழகியவர் யார் என்று விசாரித்துப் போக வேண்டும். ஒரு தடவையில் முடியாது, பல தடவை போக வேண்டும். முழுசாகப் போகும் என்று யாராவது சத்தியம் செய்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மற்ற மச்சங்களை வேகமாகப் பார்த்துவிடுவோம். குழந்தையின் இடுப்புக்குக் கீழே நீலமாக, அடிபட்ட மாதிரி இருப்பது நம்ம பிள்ளைகளுக்கு ரொம்ப சகஜம், பள்ளிக்கூடம் போகும் வயதில் பெரும்பாலும் மறைந்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் மட்டும் இதைப் பிறந்தவுடன் டாக்டரின் குறிப்பில் எழுத வைத்துக்கொள்வது நல்லது, குழந்தையை அடித்ததாகச் சந்தேகம் வந்திருக்கிறது. பால் காப்பி நிறத்தில் திட்டு ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, ஆறு அல்லது அதற்கு மேல் இருந்தால் நரம்பு சம்பந்தமான ஒரு பரம்பரை நோய்க்கு அடையாளமாக இருக்கலாம், காட்ட வேண்டும். பிறவியிலேயே உள்ளங்கையைவிடப் பெரிதாகக் கறுப்பாக, முடியோடு இருக்கும் மச்சத்தை வருஷா வருஷம் டாக்டர் பார்க்க வேண்டும், அதில் புற்று வர ஓரளவு வாய்ப்பு உண்டு.

சாதாரண மச்சத்தில் அந்த பயம் நமக்குக் குறைவு. ஆனால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் புதிதாகக் கறுப்பு வந்து பெரிதானால் சும்மா இருக்கக்கூடாது. பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் விரல் நகத்துக்கு அடியில் கண்டுபிடித்தது இதைத்தான். 1981-ல், 36 வயதில், இறந்துபோனார்.

இதனால்தான் சுண்ணாம்பு வைத்தியத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் குழைத்து வைப்பது, தலைமுடியால் கட்டி அறுப்பது, ஏதோ ஆசிட்டைத் தொட்டு வைப்பது. நம்ம தோலில் தழும்பு சட்டென்று தடித்துக்கொள்ளும். மச்சம் இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய தழும்பு இருக்கும். அதோடு, முறையாக வெட்டி எடுத்தால் சந்தேகம் உள்ளதைப் பரிசோதனைக்கு அனுப்பலாம். சுண்ணாம்பில் வெந்துபோனதை எந்த லேபுக்கு அனுப்புவது?

இனி என் பாடத்துக்கு வருகிறேன். :-) ஜிஎஸ்டி படிக்கும்போது 2017-ல் வந்த 12-ம் எண் அறிவிக்கையைப் படித்திருப்போம். மருத்துவ சேவைக்கு வரி விலக்கு. முடி நடுவதற்கும் அழகுக்காகச் செய்யும் சர்ஜரிக்கும் விலக்கு இல்லை. ஆனால் பிறவிக் குறையால், வளர்ச்சிக் கோளாறால், காயத்தால் பாதித்த உடலைச் சீராக்குவது என்றால் மறுபடி விலக்கு உண்டு. வரி போடுகிறவனுக்கே பிறவிக் குறை வேறு, அழகு வேறு என்று புரிந்திருக்கிறது!

இப்போது ஒரு மெடிக்கல் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். எக்ஸ்க்ளூஷன் 08 என்று ஒன்று இருக்கும், 2019-ல் ஐஆர்டிஏஐ எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாகக் கொடுத்த வாசகம். தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிறகு சீராக்குவது என்றால் உண்டு, உடலுக்கு உடனடி ஆபத்து இருந்தாலும் உண்டு. இந்த வரிசையில் பிறவிக் குறையைக் காணோம். இது போதாதென்று வெளியில் தெரிகிற பிறவிக் குறைகளுக்குப் பணம் இல்லை என்று பல பாலிசிகளில் தனியாக ஒரு வரி. பத்து வயதில் அடுப்பில் முகம் வெந்த பெண்ணுக்குப் பணம் உண்டு, முகத்தில் பாதி சிவந்தே பிறந்த பெண்ணுக்கு அது அழகுச் செலவு! உடனடி ஆபத்து இல்லையாம். அந்தப் பெண்ணைப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போன பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று இந்த வாசகத்தை எழுதினவர்கள் ஒரு நாள் வந்து பார்க்கட்டும். ஜிஎஸ்டி அறிவிக்கையில் இருக்கிற "பிறவிக் குறை" என்ற சொல்லை எடுத்து அந்த வரிசையில் சேர்த்தால் போதும்.

"கடவுள் கொடுத்த முகத்தை ஏன் மாற்ற வேண்டும், உள்ளதை ஏற்றுக்கொண்டு நிமிர்ந்து நடக்கலாமே" என்று சில நண்பர்கள் சொல்வார்கள். வேண்டாம் என்பவரை யாரும் வற்புறுத்தக் கூடாது, கோர்பச்சேவ் கடைசி வரை அந்த மச்சத்தோடுதான் உலகம் சுற்றினார். ஆனால் காசில்லாமல் விட்டுவிடுவதை ஏற்றுக்கொள்வது என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இதற்குப் பெரிய செலவுகூட ஆகாது. 2013-ல் ஆரம்பித்த ஆர்பிஎஸ்கே என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறவிக் குறைகள் என்று 9 சேர்த்திருக்கிறார்கள். உதட்டுப் பிளவு இருக்கிறது, வளைபாதம் இருக்கிறது, பிறவிக் கண்புரை இருக்கிறது. மச்சம் இல்லை. ஹீமாஞ்சியோமா பெரும்பாலும் பிறந்த அன்று தெரியாது, இரண்டு மூன்று வாரம் கழித்தே தலைகாட்டும் என்பதால் பிரசவ வார்டில் பார்த்துப் பயனும் இல்லை. ஆனால் பிரசவமான 42 நாளுக்குள் வீட்டுக்கே வந்து எடை பார்க்கும் செவிலியர் அக்காக்கள் இருக்கிறார்களே, அவர்கள் கையில் இருக்கும் அட்டையில் ஒரே ஒரு வரி கூடுதலாக வேண்டும். தோலில் சிவப்பாக ஏதும் இருக்கிறதா, எந்த இடம், போன தடவையைவிடப் பெரிதாகியிருக்கிறதா. கண், மூக்கு, உதடு என்றால் அன்றைக்கே க.விலக்குக்குச் சீட்டு. பக்கத்தில் ஓர் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வாரம் ஒரு போட்டோ எடுத்து வைக்கச் சொன்னால் டாக்டருக்கும் வளர்ச்சி புரிந்துவிடும். போன் இல்லாத வீடு இப்போது எங்கே இருக்கிறது?